ஊறுகாய் பாட்டிலுக்குள் விளக்கு

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பாட்டு மேசைகளில் நான் ஏற்றி வைத்த விளக்குகளைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷி ஒருவர் இலையில் உட்காராமல் வாசலோடு திரும்பிவிட்டார்.

விளக்கு நன்றாகத்தான் இருந்தது. போட்டோக்காரரே சொன்னார். அப்புறம் ஏன் திரும்பினார்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் எதிர் வீடு பத்மாவதி வீடு. நயினார் குடும்பம் — தமிழ்ச் சமணர்கள். செஞ்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். எங்களைப் போலவே பேசுவார்கள், எங்களைப் போலவே நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைப்பார்கள். கிழங்கு சாப்பிட மாட்டார்கள், எறும்பைக்கூட மிதிக்க யோசிப்பார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். பத்மாவும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். அதற்கு மேல் இரண்டு பேருமே படிக்கவில்லை. அவள் கல்யாணமாகி அதே தெருவில் இருக்கிறாள். நான் பிளவுஸ் தைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை இதை எழுதிக்கொண்டு இருக்கிறேன்.

அவள் மகள் அஜிதா சென்னையில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனும் கையுமாக வந்தாள். ரிசப்ஷனுக்குச் சாப்பாட்டு மேசையெல்லாம் அலங்காரம் செய்ய வேண்டுமாம். ஆபீஸ் பிரெண்ட்ஸ் வருகிறார்களாம். சென்னையில் இப்போது மேசை அலங்காரம் இல்லாமல் யாரும் ரிசப்ஷன் வைப்பதில்லையாம்.

டெக்கரேஷன்காரர் சொன்ன ரேட்டை அவள் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, மேசைக்கா, இல்லை மண்டபத்துக்கே சேர்த்தா என்றார்.

"மேசைக்கு மட்டும்தான் நைனா."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். அஜிதா தெருவைக் குறுக்கே கடந்து என் வீட்டுக்கு வந்தாள். "அத்தை, நீங்கதான் செஞ்சு குடுக்கணும்" என்றாள்.

உடனே ஒப்புக்கொண்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும்... விசேஷ வீட்டில் கையில் ஒரு வேலை இருந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. "எப்ப வந்தீங்க, பையன் இன்னா பண்றான், ஏன் இளைச்சிட்டீங்க" எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். நான் போன கல்யாணங்களில் பாதிக்கு மேல் ஸ்டோர் ரூமிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அஜிதா செல்போனில் காட்டிய அலங்கார வீடியோக்களைப் பார்த்து வேலை ஆரம்பித்தது.

காயலான் கடையில் வாய் அகலமான ஊறுகாய் பாட்டில்களாகப் பொறுக்கினோம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு லேபிளைச் சுரண்டினோம். பாட்டில் கழுத்தில் சணல் கயிறு சுற்றி, பத்மா வீட்டுக் கழனியில் அறுத்த நெற்கதிரை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டினோம். உள்ளே வெள்ளைக் கூழாங்கல், அதற்கு மேல் தண்ணீர், தண்ணீருக்கு மேல் எண்ணெய், எண்ணெயில் மிதக்கும் தக்கையில் திரி. தண்ணீருக்கு மேலே நெருப்பு மிதப்பது பார்க்க அழகுதான். பேட்டரி லைட் வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, டீக்கடை சீரியல் லைட் மாதிரி இருக்கும் என்று அஜிதா முகத்தைச் சுளித்துவிட்டாள்.

சணலை ஒட்ட முதலில் மைதா பசை காய்ச்சினேன். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லா பாட்டிலிலும் எறும்பு. என் வீடாக இருந்தால் ஒரு துணியை நனைத்துத் துடைத்திருப்பேன். பத்மா விடுவாளா? ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப்போய்க் காம்பவுண்டு சுவர் மேல் படுக்க வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை தூவினாள். எறும்புகள் இறங்கிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத் தைக்க வேண்டிய பிளவுஸ் தைக்கவில்லை. வந்து கேட்ட பெண்ணிடம் எறும்புக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் கடைப் பசைக்கு மாறினோம்.

அடுத்த கவலையும் பத்மாவுடையதுதான். விளக்கு எரிந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் நெருப்பில் விழும். கல்யாண மேசையில் அந்தப் பாவம் வேண்டாம் என்றாள். ஜன்னலுக்கு அடிக்கிற கம்பி வலையை வாங்கி வந்து, கத்தரித்து, பாட்டில் வாய்க்குத் தகுந்த மாதிரி மூடி செய்தேன். கையெல்லாம் கீறல். ஆனால் கொசுகூட உள்ளே போக முடியாது.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

மண்டபத்துக்குப் போன பிறகுதான் சாப்பாட்டு மேசையின் அகலம் ஞாபகம் வந்தது. ஒரு இலை போட்டால் மேசை முடிந்தது. சமையல் மாஸ்டர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இத இங்க வெச்சிட்டா இலைய எங்க போடறது, என் தலை மேலயா?" என்றார். அது மட்டுமில்லை. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் மேசையில் விரித்த பேப்பரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இலையோடு சுருட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் விளக்கு இருந்தால்? விளக்கும் எச்சில் இலையும் ஒன்றாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். வீடியோக்களில் வருகிற மேசைகளில் யாரும் பேப்பர் சுருட்டுவதில்லை. கடைசியில் இரண்டு மேசைகள் சேருகிற இடத்தில் பேப்பரை வெட்டிவிட்டு, அங்கே ஒரு பாட்டில் என்று முடிவானது. மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

இனி, வாசலோடு திரும்பிய பெரிய மனுஷிக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு அக்கா. சுலோசனா அம்மா. சீயமங்கலம் பக்கம் ஒரு கிராமம். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் இலை அவருக்குத்தான். அவர் சாப்பிட ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். முன்பு அவர்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்கு வேறு இடத்தில் நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. இலை போட நேரமாகிப் பொழுது சாய்ந்துவிட்டது. இந்த அம்மா எழுந்துபோய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அவரோடு வந்த எல்லோரும் ஏறிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி.

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து பத்மாவுக்கு டென்ஷன். ரிசப்ஷன் முதல் நாள் சாயங்காலம், முகூர்த்தம் மறுநாள் காலை.

"மறுநாளு முகூர்த்தத்த வெச்சிக்கினு, மொத நாளு அந்தம்மா கை நனைக்காம போயிட்டா இன்னா ஆவும் செல்வி?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால் பலமான ஏற்பாடு. சென்னைக்காரர்களுக்குச் சாப்பாடு ஏழரைக்கு மேல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குப் பொழுது இருக்கும்போதே தனிப் பந்தி. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாமல் தனிச் சமையல். மாஸ்டரை நான்கு தடவை கேட்டுவிட்டாள்.

பெரியவர்கள் வர வேண்டிய வேன் கொஞ்சம் தாமதம். ஆனாலும் நேரம் இருந்தது. டைனிங் ஹால் கீழ்த்தளம். நான் மேசை மேசையாகப் பாட்டில்களைச் சரி செய்துகொண்டிருந்தேன். போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். ஆட்கள் வந்துவிட்டால் சுத்தமாக ஒரு ஷாட் கிடைக்காது, கொஞ்சம் ஏற்றி விடுங்கள் என்றார். மாடியில் மேக்கப் ரூமில் இருந்த அஜிதாவுக்குப் போன் போட்டேன். சூப்பர், ஏத்துங்க அத்தை என்றாள். பத்மாவும் அந்த வழியாகத்தான் போனாள். பார்த்தாள். நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊதுவத்தியைக் கொளுத்தி, அதைப் பாட்டிலுக்குள் விட்டு, ஒவ்வொரு திரியாக ஏற்றினேன். ஹால் கொஞ்சம் இருட்டாக இருந்ததால் எடுப்பாகத் தெரிந்தது. நெற்கதிரின் நிழல் சுவரில் ஆடியது. நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ஹால் ஏன் இருட்டாக இருந்தது? செஞ்சியில் பொழுது இரண்டு தடவை சாயும். எங்களுக்கு மேற்கே மலை. சூரியன் முதலில் ராஜகிரிக்குப் பின்னால் போகும், அப்புறம்தான் நிஜமாக மறையும். அந்த மண்டபம் மலையின் நிழல் சீக்கிரமாக விழுகிற இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு இது பழக்கம். வெளியூர்க்காரர்களுக்கு?

வேன் வந்தது. சுலோசனா அம்மா முதலில் இறங்கினார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, கையில் ஒரு ஹேண்ட்பேக். பின்னால் பதினைந்து இருபது பேர். பத்மா கும்பிட்டு அழைத்து வந்தாள். நேரே பந்திக்கே வாங்கம்மா, இலை போட்டு ரெடியா இருக்குது என்றாள்.

டைனிங் ஹால் வாசலில் அந்த அம்மா நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"விளக்கு வெச்சாச்சா?"

பத்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இன்னும் உறைக்கவில்லை. பூச்சி விழாமல் மூடி போட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருந்தேன்.

"எங்க வூட்ல விளக்கு வெச்சப்புறம் இலை போடறதில்லம்மா. எனக்கு வேணாம். நீங்க சாப்டுங்க."

கோபமே இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டார். வேன் டிரைவர் எங்கே என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

கூட வந்தவர்கள் ஒருவர்கூட இலைக்குப் போகவில்லை.

பத்மா உள்ளே ஓடி வந்தாள். கிட்டே இருந்த பாட்டிலின் மூடியை எடுத்து, ஊதி அணைக்கக் குனிந்தாள். "யம்மா... கல்யாண வீட்டு விளக்க வாயால ஊதுவாங்களா?" என்றார் சமையல் மாஸ்டர். பத்மா வாயைக் குவித்தபடி அப்படியே நின்றாள். ஊதினால் அபசகுனம். ஊதாவிட்டால் சம்பந்தி வீடு பட்டினி. வெளியே தூக்கிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டார். தூக்கினா மட்டும் வெச்சது வெக்காம ஆயிடுமா என்றார் இன்னொருவர். அதற்குள் அஜிதா மாடிப்படியில் வந்து நின்றாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மேக்கப் முடிந்திருந்தது. வராந்தாவைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

என் கையில் ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை எனக்கு அவ்வப்போது வரும். அதை நாலு பேர் முன்னால் சொன்னதாகத்தான் ஞாபகம் இல்லை. பத்மாவின் காதில் சொல்லி, அவளைச் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தேன். அவள் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. டிரைவர் சாவியோடு வந்துவிட்டார்.

வராந்தாவுக்குப் போனேன்.

"அம்மா... பொழுது இன்னும் போகல. மலை மறைக்குது. மொட்டை மாடியில வெயில் இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரு?"

"நான்தாம்மா விளக்கு ஏத்தினவ."

வேறு என்ன சொல்வது? உண்மை அதுதானே. பின்னால் யாரோ இருமினார்கள். அவர் என்னையும் ஊதுவத்தியையும் பார்த்தார். படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டார். இருக்குதும்மா என்றேன். ஹேண்ட்பேக்கை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு மாடி. என்னைவிட வேகமாக ஏறினார். நான் ஹேண்ட்பேக்கோடு பின்னால் ஓடினேன். போகும் வழியெல்லாம் ஒரே பயம்... மேலே போய் வெயில் இல்லாவிட்டால்?

இருந்தது. மலையின் தோள்பட்டை சரிந்து இறங்குகிற பக்கத்தில் சூரியன் மஞ்சளாக நின்றது. தண்ணீர் டேங்க் மேலும், துணி காயப்போடுகிற கொடி மேலும் வெயில் அடித்தது. சுலோசனா அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஏறி வந்தவர்களும் பார்த்தார்கள்.

"கீழ நீங்க விளக்கு வெச்சிட்டீங்க. மேல இன்னும் வெக்கல," என்றார். "இங்கயே போடு இலைய."

அடுத்த பத்து நிமிஷம் நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. கீழேயிருந்து ஜமுக்காளம் வந்தது, இலைக்கட்டு வந்தது. சாம்பார் வாளியோடு ஏறியவர்கள் மாஸ்டரைத் திட்டினார்கள், மாஸ்டர் என்னைத் திட்டினார். மேசை இல்லை, அலங்காரம் இல்லை. எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அஜிதா சரிகை பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இனிப்பு வைத்தாள். சுலோசனா அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு கண்ணுக்கு எப்போது மை வைப்பார்கள் என்று கேட்டார். நீங்க சாப்ட்ட அப்புறம் அத்தை என்றாள் அவள். அந்த அம்மா இனிப்பைப் பிட்டு வாயில் போட்டார்.

வரிசை முழுக்கக் கைகள் இலைக்குப் போயின.

பத்மா டேங்க் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். இன்னாடி என்றேன். கண்ணு கூசுது, வெயிலு என்றாள்.

சாப்பிட்டவர்கள் பேச்சே இல்லாமல் சாப்பிட்டார்கள். பேச நேரம் ஏது? ஆளுக்கு ஒரு கண் இலையில், ஒரு கண் மலையில். மோர் வரும்போது வெயில் சிவந்துவிட்டது. இரண்டாவது தடவை மோர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்தார் சுலோசனா அம்மா. கை கழுவிவிட்டு மறுபடி ஒருமுறை மேற்கே பார்த்தார். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஏழரைக்குச் சென்னைப் பிரெண்ட்ஸ் வந்தார்கள். விளக்குகளோடு செல்பி எடுத்தார்கள். இலையில் போட்ட பூரி ஆறுகிற வரைக்கும் எடுத்தார்கள். எந்த டெக்கரேட்டர் என்று கேட்டார்களாம். எங்க அத்தை என்று அஜிதா சொன்னாளாம். கூப்பிட்டு அனுப்பினாள். நான் ஸ்டோர் ரூமில் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணத் தேவையில்லாத வெற்றிலைதான்.

அந்த வீடியோக்களை எல்லாம் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பாட்டில் எப்படிக் கழுவுவது, சணல் எப்படிச் சுற்றுவது, எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மேசையில் உட்காரப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் பூச்சிக்கு யோசித்தோம், எறும்புக்குச் சர்க்கரை போட்டோம். சாப்பிட வருகிற மனுஷிக்கு யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அவரை நினைத்துத்தான் ஒரு மாதமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தோம். அது எப்படி மறந்தது? பத்மாவிடம் கேட்டேன். அழகா இருந்துச்சுடி, அதான் என்றாள். அதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று.

அன்று ராத்திரி தங்குகிற இடத்துக்குக் கிளம்பும் முன் சுலோசனா அம்மா டைனிங் ஹாலுக்கு வந்தார். ஸ்டோர் ரூம் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் பக்கத்தில் நின்று கம்பி வலை மூடியை விரலால் தட்டினார். சுற்றும் முற்றும் பார்த்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஹேண்ட்பேக் வாங்கிக்கொண்டவளை மறப்பாரா?

"பூச்சிக்காகவா இது?"

ஆமாம்மா என்றேன்.

"நல்லா இருக்குது." மூடியை நேராக்கி வைத்தார். "நாளைக்கி முகூர்த்த சாப்பாடு பகல்லதான?"

"பகல்லதாம்மா."

"அதுக்கும் ஏத்தி வெக்கப் போறியா?"

"இல்லம்மா."

"அப்ப கீழயே உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் முதல் இலை போடுவதற்கு முன் டைனிங் ஹாலுக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. நம்பாமல், விரலை விட்டும் பார்த்தேன்.